பேட்டரியைப் பழிக்கும் முன்...



சபரிலிருந்து வருகிறவரை அழைத்துவர விடியற்காலையில் திருச்சி விமான நிலையத்தில் இருந்தாக வேண்டும். நள்ளிரவு கடந்த நேரத்தில் வீட்டார் அனைவரும் புறப்பட்டு வாசலில் நிற்கின்றனர். சாவியைத் திருப்பினால் வண்டி ‘டிக்’ என்று ஓர் ஒலியை மட்டும் எழுப்பிவிட்டு மௌனமாகிவிடுகிறது. அதிராம்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் ராஜகிரியிலும் அய்யம்பேட்டையிலும் இந்தக் காட்சியைக் காணாத தெரு அநேகமாக இராது. அடுத்து நடப்பதும் நாம் அறிந்ததே. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூடித் தள்ளுவார்கள், வண்டி உயிர்பெறும். மறுநாள் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய பேட்டரி வாங்கப்படும். பதினைந்து நாள் கழித்து அந்தப் புதிய பேட்டரியும் அதே வாசலில் அதே ‘டிக்’ ஒலியோடு படுத்துவிடும். “இப்போது வருகிற சாமான் எதுவும் சரியில்லை” என்று வீட்டுப் பெரியவர் சலித்துக்கொள்வார்.

சாமானின் மீது குற்றம் இல்லாமலேயே இது நடக்கக்கூடும். பேட்டரி மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெட்டிதான்; மின்சாரத்தை உண்டாக்குவது அதன் வேலையன்று. உண்டாக்கி ஊட்டவேண்டியது ஆல்டர்னேட்டர் என்னும் கருவி. ஊட்டுகிறவன் ஊட்டவில்லையானால் உண்பவனை மாற்றி என்ன பயன்? ஊட்டுகிறானா இல்லையா என்பதை அறிய பெரிய பட்டறையோ படிப்போ வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்கு மின்சாதனக் கடையில் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றும், ஐந்து நிமிடப் பொறுமையும் போதும். வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, வண்டியும் சாவியும் பெண்களின் பொறுப்பில் இருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். மச்சான் வந்து பார்க்கட்டும் என்று காத்திராமல் உம்மாவும் மகளும் தாங்களே செய்துகொள்ளக்கூடிய சோதனை இது.

முதலில் அடிப்படையைக் கூறிவிடுகிறேன். காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க நீண்ட பாடம் தேவையில்லை. பேட்டரியை ஊர்க் குளமாகவும், ஆல்டர்னேட்டரை அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். வாய்க்காலின் நீர்மட்டம் குளத்தின் மட்டத்தைவிட உயர்ந்திருந்தால்தான் நீர் குளத்தினுள் பாயும். இரண்டும் சமமாக இருந்தால் அசையாது. வோல்ட் என்பது இந்த நீர்மட்டம். ஆம்பியர் என்பது பாய்கின்ற நீரின் அளவு. கார் பேட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. நிரம்பிய நிலையில் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் கொண்டிருக்கும். ஆகவே நிரம்பிய பேட்டரியின் மட்டம் 12.6 வோல்ட். அதனுள் மின்சாரம் பாயவேண்டுமாயின் ஆல்டர்னேட்டர் அதைவிட உயரமாக, 14 வோல்ட்டை ஒட்டி நின்றாக வேண்டும். அளவு மீறிப் பாய்ந்து கரை உடையாமல் தடுக்க உள்ளே ஒரு மதகு உண்டு. அதன் பெயர் ரெகுலேட்டர். தென்பெரம்பூரில் வெண்ணாற்றையும் வெட்டாற்றையும் பிரித்துவிடும் கட்டுமானத்தையும் பாசனப் பொறியாளர்கள் ரெகுலேட்டர் என்றுதான் அழைக்கின்றனர். இரண்டின் வேலையும் ஒன்றே என்பதால் பெயர்ப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறக்காத ஆண்டில் குளம் வற்றிப்போனால் குளத்தைத் தூர்த்துவிட்டுப் புதுக்குளம் வெட்டுவோமா?

ஆல்டர்னேட்டர் என்பது பெல்ட் ஒன்றினால் என்ஜினோடு இணைக்கப்பட்டுச் சுழலும் கருவி. உள்ளே ஒரு மின்காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருள்களில் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மைதான் இதன் அடித்தளம். பேட்டரிக்கு ஒரே திசையில் ஓடும் மின்சாரமே ஏற்குமாதலால், டயோடு எனப்படும் ஒருவழிக் கதவுகள் அதனை நேர்ப்படுத்தி அனுப்புகின்றன. 1961இல் நிறுவப்பட்டு, சென்னை பாடியில் தொழிற்சாலை கொண்ட லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் இத்தகைய கருவிகளை நம் நாட்டு வாகனங்களுக்குச் செய்து தருவது பலரும் அறிந்ததே. பேட்டரியைப் பற்றிய ஆராய்ச்சிக்கோ நாம் வெகுதூரம் போக வேண்டாம். அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது.

இங்கே கொஞ்சம் பழைய கதை பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் இத்துறையில் நம்மவர் செய்யும் தவறுகளில் பாதி, ஒரு காலத்தில் சரியாக இருந்த அறிவிலிருந்து வந்தவை.

ஆல்டர்னேட்டருக்கு முன்னர் கார்களில் டைனமோ இருந்தது. 1960இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி விற்கத் தொடங்கிய பின்னரே இந்த மாற்றம் உலகெங்கும் பரவலாயிற்று. நம் ஊர்ச் சாலைகளை ஆண்ட அம்பாசடரின் பழைய வண்டிகளில் டைனமோதான். அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றுபோனது, டைனமோவும் போயிற்று, ஆனால் டைனமோ காலத்துப் பேச்சு போகவில்லை. இன்றும் பல பட்டறைகளில் ஆல்டர்னேட்டரை ‘டைனமோ’ என்றே சொல்லக் கேட்கலாம். பெயரில் என்ன வந்துவிடப் போகிறது? பெயரோடு பழக்கங்களும் ஒட்டிக்கொண்டு வருவதுதான் சிக்கல்.

சைக்கிளில் டைனமோ வைத்து இருட்டில் வாய்க்கால் கரையோரம் வந்தவர்களுக்கு நினைவிருக்கும். வேகமாக மிதித்தால் விளக்கு பளிச்சென்று எரியும். மெதுவாகப் போனால் மங்கிவிடும். கார் டைனமோவும் அந்தக் குணம் உடையதே. என்ஜின் மெதுவாக ஓடும்போது அதனால் போதிய மின்சாரம் தர முடியாது. ஆகவே வண்டி நின்றபடி ஓடுகையில் சிவப்பு விளக்கு மினுக்கினால் அக்காலத்து ஓட்டுநர்கள் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட வேண்டியதும் இல்லை. ஆல்டர்னேட்டரோ மெதுவான ஓட்டத்திலும் சார்ஜ் தரும்படி அமைக்கப்பட்டது. “நின்று ஓடும்போது லைட் எரியத்தான் செய்யும்” என்று எவரேனும் இன்று ஆறுதல் சொன்னால், அவர் சொல்வது அம்பாசடர் காலத்து உண்மை என்று மரியாதையோடு கேட்டுக்கொண்டு, வண்டியைச் சோதித்துவிடுங்கள்.

இரண்டாவது பழக்கம் மிகவும் ஆபத்தானது. என்ஜினை ஓடவிட்டு, பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றுவார்கள். வண்டி அணையாமல் ஓடினால் ‘டைனமோ சார்ஜ் தருகிறது’ என்பது தீர்ப்பு. டைனமோ வண்டியில் இது ஓரளவு செல்லும். ஆல்டர்னேட்டர் வண்டியில் செய்யவே கூடாது. பாய்ந்துகொண்டிருக்கும் வாய்க்காலின் வாயைத் திடீரென்று அடைத்தால் நீர் மேலெழுந்து கரையைத் தாக்குவதுபோல, கழற்றிய அக்கணத்தில் மின்னழுத்தம் பல மடங்கு எகிறும். பல பத்து வோல்ட்டுகள் வரையிலும், சில வேளை நூற்றுக்கு மேலும் போகக்கூடும். அந்த அடியில் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் வெந்துபோகலாம். இன்றைய கார்களின் மூளையாகிய கணினிப் பெட்டியும் பழுதாகலாம். அதன் விலை பேட்டரியின் விலையைப் போல் எத்தனையோ மடங்கு. பழைய ஜீப், பழைய டீசல் அம்பாசடர் போன்ற வண்டிகளிலோ இந்தச் சோதனைக்குப் பொருளே கிடையாது. அவற்றின் டீசல் பம்பு இயந்திர விசையால் இயங்குவது. என்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரியும் வேண்டாம், ஆல்டர்னேட்டரும் வேண்டாம், ஓடிக்கொண்டேயிருக்கும். உங்கள் வண்டியில் எவரேனும் ஓடும் என்ஜினில் டெர்மினலைக் கழற்றக் கை நீட்டினால், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருப்பினும் தடுத்துவிடுங்கள். வண்டி உங்களுடையது.

இனிச் சோதனைக்கு வருவோம். கை வைக்கும் முன் சில எச்சரிக்கைகள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். தங்க வளையலோ மோதிரமோ டெர்மினலுக்கும் வண்டியின் இரும்புக்கும் இடையே பட்டுவிட்டால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். தாவணி, துப்பட்டா, புர்காவின் கைப்பகுதி, ஆண்களின் துண்டு எதுவும் பெல்ட்டின் அருகே தொங்கலாகாது. ரேடியேட்டர் விசிறி நின்றிருப்பதைக் கண்டு ஏமாறாதீர்கள். அது தானாகவே சுழலத் தொடங்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடுமாதலால் தீக்குச்சி, சிகரெட் எதுவும் அருகில் கூடாது. வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், கைபிரேக் போட்டிருக்கட்டும், குழந்தைகள் தள்ளி நிற்கட்டும்.

வண்டி ஓடாமல் ஓர் இரவு முழுதும் நின்ற பிறகு காலையில் முதல் அளவை எடுப்பது நல்லது. மல்டிமீட்டரின் திருகை நேர்மின்னழுத்தப் பகுதியில் 20 என்ற எண்ணில் வையுங்கள். சிவப்பு முனையைக் கூட்டல் குறியிட்ட டெர்மினலிலும், கறுப்பு முனையைக் கழித்தல் குறியிட்ட டெர்மினலிலும் வைக்கவும். டெர்மினலின் ஈயத்தைத் தொடவேண்டும்; மேலே பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையன்று. 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் பேட்டரி நிரம்பியிருக்கிறது. 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12 என்றால் கால் பங்குதான் மீதம், 11.9க்குக் கீழே போனால் குளம் வற்றிவிட்டதாகவே கொள்ளலாம். எண்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன பாருங்கள்! 12 வோல்ட் பேட்டரி 12 காட்டுகிறது, சரிதானே என்று பலர் திருப்தியடைந்துவிடுகின்றனர். வண்டி இப்போதுதான் ஓடி நின்றது என்றால் இந்த எண் சற்றுக் கூடுதலாகக் காட்டும். அப்போது முகப்பு விளக்குகளை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சிறிது நேரம் பொறுத்து அளக்கவும்.

பிறகு ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பார்க்கட்டும். முதல் திருப்பத்தில், என்ஜின் ஓடும் முன், முகப்புப் பலகையில் பேட்டரிப் படமிட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையானால் மகிழ வேண்டாம். பல வண்டிகளில் அந்த விளக்கின் வழியே செல்லும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரின் மின்காந்தத்தை விழிக்கச் செய்கிறது. விளக்கு பழுதானால் ஆல்டர்னேட்டர் உறங்கியே கிடக்கலாம். அடுத்து செல்ப் எடுக்கும்போது மீட்டரில் எண் சடாரென்று இறங்கும். 10 வோல்ட்டை ஒட்டி நின்றால் நலம். 9.6க்கும் கீழே விழுந்தால், அதுவும் காலையில் நிரம்பியிருந்த பேட்டரியில் விழுந்தால், பேட்டரியே முதுமையடைந்துவிட்டது என்று ஐயப்படலாம். நம் வெப்பத்தில் ஒரு பேட்டரி மூன்று, நான்கு ஆண்டு உழைத்திருந்தால் அதனைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை.

என்ஜின் ஓடத் தொடங்கியதும் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். மீட்டரில் எண் ஏற வேண்டும். இதுதான் இச்சோதனையின் உயிர்நிலை. ஆக்ஸிலரேட்டரைச் சற்றே மிதித்து, என்ஜினை நின்ற நிலை ஓட்டத்தைவிட இருமடங்கு வேகத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். 13.8இலிருந்து 14.5க்குள் நின்றால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறது. இப்போது சுமையை ஏற்றுங்கள்: முகப்பு விளக்குகள், ஏ.சி. விசிறி முழு வேகத்தில், வைப்பர், பின்கண்ணாடிச் சூடேற்றி இருந்தால் அதுவும். எண் சிறிது இறங்கும்; ஆனால் 13.5ஐ ஒட்டியாவது நிற்க வேண்டும். சுமையில்லாதபோது 14 காட்டிவிட்டுச் சுமை ஏறியதும் 12.5க்குச் சரிந்தால், சில டயோடுகளோ பெல்ட்டோ சரியில்லை. மணப்பந்தலில் வாழ்த்திவிட்டுக் கஷ்டகாலத்தில் காணாமற்போகும் உறவினரைப் போன்றது அந்த ஆல்டர்னேட்டர். எண் ஏறவே இல்லை, ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது என்றால் சார்ஜ் அறவே இல்லை. மாறாக 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மதகு உடைந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியில் பேட்டரி கொதித்து நீர் வற்றும். அழுகிய முட்டை நாற்றம் வீசும். விளக்குகள் அடிக்கடி ஃபியூஸ் போகும். சார்ஜ் இல்லாமையைவிட இது கொடியது. உடனே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். அண்மைக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரைக் கணினி ஆள்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, பேட்டரி நிரம்பியிருக்கையில் அது மின்னழுத்தத்தைத் தானே குறைக்கும். பிரேக் பிடிக்கும்போது கூட்டும். மீட்டரில் 12.8 கண்டவுடன் அத்தகைய வண்டியைப் பழுதென்று தள்ளிவிடக் கூடாது. முகப்பு விளக்குகளைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை ஏற்றி இறக்கி, சில நிமிடம் பொறுமையாகப் பாருங்கள்; எண் ஏதேனும் ஒரு கட்டத்தில் 14ஐ நோக்கி ஏறும். அதேபோல், கோடை நண்பகலில் நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய வண்டியில் 13.6 காட்டுவதும் இயல்பே. சூட்டில் பேட்டரி கொதிக்கக்கூடாது என்று ரெகுலேட்டர் தானே மட்டத்தைத் தாழ்த்துகிறது.

சரி, சார்ஜ் ஏறவில்லை என்று மீட்டர் சொல்லிவிட்டது. உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள். முதலில் பெல்ட்டைப் பாருங்கள், என்ஜினை அணைத்துவிட்டு. தளர்ந்திருக்கிறதா? உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கிறதா? எண்ணெய் பட்டிருக்கிறதா? காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கீச்சென்று கத்தும் வண்டி தன் பெல்ட்டைப் பற்றித்தான் முறையிடுகிறது. நம் பகுதிக்கென்றே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லையும் உளுந்தையும் எள்ளையும் காயவைத்து, வைக்கோலையும் பரப்பி வைக்கின்றனர். அதன்மேல் ஓட்டிச் சென்ற வண்டியின் அடியில் வைக்கோலும் பதரும் புகுந்து ஆங்காங்கே சிக்கிக்கொள்கின்றன. அறுவடை முடிந்த கையோடு பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

எலியைச் சொல்லாமல் டெல்டாவில் வண்டியைப் பற்றி எழுத முடியுமா? வயலில் கதிர் இருக்கும் வரை அது வயலில் இருக்கும். வயல் வெறுமையானதும் ஊருக்குள் வரும். பல நாள் அசையாமல் நிற்கும் காரின் என்ஜின் அறை அதற்கு மாளிகை. ‘தஞ்சாவூர்க் கிட்டி’ என்றே பெயர் பெற்ற மூங்கில் பொறியைச் செய்து வயலில் எலியோடு போராடிய மண் இது. அந்த எலி இப்போது ஒயரைக் கடிக்கிறது. ஆல்டர்னேட்டரின் பின்புறம் செல்லும் மெல்லிய ஒயர் ஒன்று அறுந்தால் போதும், சார்ஜ் நின்றுவிடும். அதை இணைக்க ஆகும் செலவு ஒரு தேநீர் விருந்தின் செலவுதான். பார்க்காமல் ஆல்டர்னேட்டரை மாற்றினால் பல ஆயிரம்.

கடலோர ஊர்க்காரர்கள் இதையும் கவனியுங்கள். உப்புக் காற்றில் டெர்மினல்களும் எர்த் பட்டையும் பூத்து அரித்துப் போகின்றன. ஆல்டர்னேட்டர் நன்றாகவே சார்ஜ் தரும். வழியில் உள்ள அரிப்பு அதை விழுங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விளக்குகள் எரிய, என்ஜின் ஓடுகையில், மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னுள்ள தடித்த ஒயர் திருகாணியிலும், மற்றதைப் பேட்டரியின் கூட்டல் டெர்மினலிலும் வையுங்கள். இரண்டும் ஒரே பாதையின் இரு முனைகளாதலால் வேறுபாடு மிகச் சிறிதாக, 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் பாதையில் அடைப்பு. அதேபோல் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் கழித்தல் டெர்மினலுக்கும் இடையே அளந்தால் எர்த் பட்டையின் நலம் தெரிந்துவிடும். பெல்ட்டின் அருகே கை போகும் அளவையாதலால், பழகாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனை விட்டுச் செய்யச் சொல்லி உடன் நின்று பார்க்கலாம். டெர்மினலைச் சுத்தம் செய்வதாயின், என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்தபின், முதலில் கழித்தலைக் கழற்றி, இறுதியில் கழித்தலை மாட்ட வேண்டும். வெந்நீரும் சிறிது சமையல் சோடாவும் அந்த வெள்ளைப் பூப்பைக் கரைத்துவிடும்.

இவ்வளவும் பார்த்து ஆல்டர்னேட்டரே பழுது என்று உறுதியானாலும் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. கார்பன் பிரஷ், பேரிங், டயோடு தட்டு, ரெகுலேட்டர் ஆகியவை பெரும்பாலும் தனித்தனியே கிடைக்கின்றன. தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் இவற்றை மாற்றித்தரும் கைதேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இருக்கின்றனர். மாற்றிய பழைய உதிரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன், உங்கள் மீட்டரை வைத்து 14 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். நாணயமான தொழிலாளி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். நம் வீடுகளில் அடிக்கடி நேர்வது இதுதான்: மீட்டர் 14.2 காட்டுகிறது, ஆல்டர்னேட்டரில் குறையே இல்லை, பேட்டரியும் புதிது, ஆயினும் வண்டி மாதம் ஒருமுறை படுத்துவிடுகிறது. காரணம், வண்டி ஓடவில்லை. வாப்பா விடுமுறையில் வரும்போது மட்டும் ஓடும் வண்டி, மற்ற நாளெல்லாம் போர்வைக்குள் தூங்குகிறது. வண்டி தூங்கினாலும் அதன் கடிகாரமும் திருட்டுத் தடுப்பு மணியும் கணினியும் விழித்தே இருக்கின்றன. அவை உறிஞ்சுவது மிகக் குறைவு. 30 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு முக்கால் ஆம்பியர்-மணி. சிறு கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் முப்பது நாளில் 21க்கு மேல் போய்விடும். மீதமிருப்பதைக் கொண்டு செல்ப் எடுக்காது. காலியான நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளின்மேல் படிகங்கள் இறுகிப்போய், பேட்டரி பிறகு எவ்வளவு ஊட்டினாலும் நிரம்பாத நோயாளியாகிவிடும்.

“வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறோமே” என்பீர்கள். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் என்ஜினில் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைத் தருவதில்லை, அதில் ஏ.சி.யும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பேட்டரிக்குப் போவது சொற்பமே. வாரத்தில் ஒருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். ஓட்ட ஆளில்லையானால், நீண்ட நாள் நிற்கப்போகும் வண்டியின் கழித்தல் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடலாம், என்ஜினும் சாவியும் அணைந்த நிலையில். கடிகாரமும் ரேடியோவும் மறந்துபோகும், அவ்வளவே. ஆனால் சில வண்டிகளில் ரேடியோவுக்குச் சங்கேத எண் கேட்கும் என்பதால் அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி முற்றிலும் காலியாகிவிட்டால், தள்ளி ஸ்டார்ட் செய்து ஆல்டர்னேட்டரே நிரப்பட்டும் என்று விடுவதும் நல்லதன்று. அது வற்றிய குளத்தை நிரப்புவதற்காக அமைந்த கருவியன்று. மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடினால் சூடேறிப் பழுதாகும். பேட்டரிக் கடையில் கொடுத்து மெதுவாகச் சார்ஜ் ஏற்றுவதே முறை. சார்ஜ் ஏறிய பின் அங்கேயே சோதித்துப் பார்த்தால் பேட்டரி பிழைக்குமா பிழைக்காதா என்பதும் தெரிந்துவிடும். புதிய பேட்டரி வாங்குவதற்கு முன் இந்த ஒன்றைச் செய்தால் பல குடும்பங்களுக்குச் செலவு மிச்சம்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நம் பகுதிகளில் பல நாட்கள் மின்சாரம் இல்லாமற்போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நாட்களில் கார் பேட்டரியிலிருந்து கைப்பேசிகளுக்குச் சார்ஜ் ஏற்ற நேரும். ஒன்றிரண்டு கைப்பேசிகளால் தீங்கில்லை. தெரு முழுவதற்கும் ஏற்றிவிட்டு, உள்விளக்கையும் எரியவிட்டு, அவசரத்துக்கு மருத்துவமனைக்குப் புறப்படும் நேரத்தில் வண்டி மறுத்துவிடக் கூடாது. மீட்டர் 12.3 காட்டியதும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இறுதியாக, சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது? ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு நேரம். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் நோக்கிக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடி முதல் வண்டி பேட்டரியின் சேமிப்பைத் தின்று ஓடுகிறது. முகப்பு விளக்குகள் இரண்டும் ஏறத்தாழ 10 ஆம்பியர். வைப்பர், பின்விளக்குகள், பெட்ரோல் பம்பு, தீப்பொறி அமைப்பு ஆகியவை சேர்ந்து இன்னும் 15. ஏ.சி.யும் அதன் விசிறிகளும் இருந்தால் மேலும் 20. நிரம்பிய 35 ஆம்பியர்-மணி பேட்டரியே ஏ.சி. இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. திருவாரூரோ ஏறத்தாழ 60 கிலோமீட்டர்.

முதலில் வெப்பமானியைப் பாருங்கள். சில கார்களில் ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. விளக்கும் எரிந்து, முள்ளும் ஏறுகிறதென்றால் பெல்ட் அறுந்துவிட்டது; உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும், இல்லையேல் என்ஜினே போய்விடும். முள் ஏறவில்லையானால், ஏ.சி., விசிறி, ரேடியோ, கைப்பேசி சார்ஜர் அனைத்தையும் அணைத்துவிட்டு, வெளிச்சமும் ஆட்களும் உள்ள அருகிலுள்ள இடத்தை நோக்கிச் செல்லுங்கள். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கடைவீதி. முகப்பு விளக்கை மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். இடையில் என்ஜினை அணைக்கவும் கூடாது. மறுபடி செல்ப் எடுக்காமல் போகலாம். மின்சாரத்தால் இயங்கும் ஸ்டியரிங் உள்ள வண்டியில், பேட்டரி இறங்க இறங்கத் திருப்புவதற்குக் கனக்கும் என்பதை நினைவில் கொண்டு வேகத்தைக் குறைத்துச் செல்லவும். விளக்குகள் மஞ்சளாக மங்கத் தொடங்கிவிட்டால் இன்னும் பத்து நிமிடம் போகலாம் என்று கணக்குப் போடாமல், சாலையை விட்டு நன்றாக விலகி நிறுத்திவிடுங்கள்.

மீட்டர் வாங்கியவர்கள், வண்டி நலமாக இருக்கும் இன்றே மூன்று அளவுகளையும் எடுத்து, தேதியிட்டு, வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: காலையில் நின்ற நிலையில் எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு, விளக்குகளைப் போட்டு ஓடும்போது எவ்வளவு. ஆறு மாதம் கழித்து எடுக்கும் அளவை அதன் கீழே எழுதுங்கள்.